ஆளெடுக்கிறோம் என்கிறார்கள், யாரை எடுக்கிறார்கள்?

பாவுநூல் (குடியாத்தம்) | செவ்வாய், இரவு 9.40

2024-இல் கணினிப் பொறியியல் முடித்தேன். அரியர் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து எதிலும் அறுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கியதில்லை. கல்லூரியிலேயே ஒரு நிறுவனம் தேர்வு செய்து ஆணை கொடுத்தது, “சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்” என்று. ஆறு மாதம் கழித்துத் தெரிவித்தார்கள்: தேதியே இல்லையாம்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். தேதி, நிறுவனம், வேலையின் பெயர், வந்த பதில். பதினோரு மாதத்தில் 312 விண்ணப்பங்கள். இணையத் தேர்வுக்குக் கூப்பிட்டவை ஒன்பது. மனித முகத்தைப் பார்த்துப் பேசியது மூன்றே முறை. மிச்சமெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

என் வாதம் இதுதான். இந்த வேலை விளம்பரங்களில் பாதி, வேலையே இல்லாத விளம்பரங்கள். ஆடி மாதத்திலிருந்து ஒரே “ஜூனியர் ஜாவா டெவலப்பர்” விளம்பரம் ஆறு முறை புதிதுபோல வந்திருக்கிறது. தலைப்பில் “0 முதல் 1 ஆண்டு”, உள்ளே போனால் “குறைந்தது 2 ஆண்டு அனுபவம் கட்டாயம்”. இன்னொரு இடத்தில் தேர்வாகிவிட்டேன் என்று சொல்லி, மடிக்கணினிக்கு வைப்புத்தொகை எட்டாயிரம் கட்டச் சொன்னார்கள். கட்டவில்லை. அப்பா ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை, நான்தான் வந்த வேலையை விட்டுவிட்டேனாம்.

மறுப்பவர்கள் மறுக்கலாம். நோட்டு என்னிடம் இருக்கிறது.

சத்துவாச்சாரிக்காரி | செவ்வாய், இரவு 10.25

மறுக்கிறேன் தம்பி. நான் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு ஆளெடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறவள். மேசையின் இந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

போன மாதம் ஒரே ஓர் இடத்துக்குக் காலை பத்து மணிக்கு விளம்பரம் போட்டேன். மறுநாள் மாலைக்குள் ஆயிரத்து எழுநூறு விண்ணப்பங்கள் வந்துவிட்டன. பார்க்க நான் ஒருத்தி. ஊழியர்கள் சிபாரிசு செய்தவற்றை முதலில் திறப்பேன், பிறகு தேவையான சொற்களைப் போட்டுத் தேடி வடிகட்டுவேன், மேலே நிற்கும் இருநூறைப் பார்ப்பேன். மீதி ஆயிரத்து ஐந்நூறை யாரும் நிராகரிக்கவில்லை, யாரும் பார்க்கவேயில்லை. அதனால்தான் பதிலும் வரவில்லை.

ஒரே விளம்பரம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தேர்வானவர் பழைய இடத்தில் தொண்ணூறு நாள் நோட்டீஸில் இருப்பார். அந்தத் தொண்ணூறு நாளில் இன்னும் இரண்டு இடத்தில் பேரம் பேசி வேறெங்கோ போய்விடுவார். அவர் வந்து உட்காரும்வரை விளம்பரத்தை இறக்க எங்களுக்குத் தைரியம் கிடையாது. சில நேரம் வாடிக்கையாளர் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே ஆள் பார்த்து வைக்கச் சொல்வார்கள், ஒப்பந்தம் தள்ளிப்போனால் விளம்பரம் அநாதையாக நிற்கும். அது பொய் வேலை இல்லை, பாதி வெந்த வேலை.

ஆனால் உங்கள் தலைமுறையிடமும் ஒரு கேள்வி. அன்று திறந்த ரெஸ்யூம்களில் எத்தனை பேருடைய புராஜெக்ட் “நூலக மேலாண்மை” தெரியுமா? எண்ணுவதையே விட்டுவிட்டேன். நிரல்களை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளத்தின் முகவரியைச் சொடுக்கினால் எல்லாக் கோப்புகளும் ஒரே நாளில், ஒரே தடவையில் ஏற்றியவை. சொந்தமாக எழுதியவன் திருத்தித் திருத்தி ஏற்றியிருப்பான், அந்தத் தடம் தெரியும். 312 இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமைத்தானே அனுப்பினீர்கள்?

அகழிமுதலை | செவ்வாய், இரவு 10.41

நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று நம் வேலூருக்கு ஒரு பட்டியல் உண்டு. ஆளெடுக்காத விளம்பரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சத்துவாச்சாரிக்காரி | செவ்வாய், இரவு 10.50

அந்தப் பட்டியல் பழையது ஐயா. ஜலகண்டேஸ்வரர் எங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தார், 1981-இல் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

காட்பாடிப் பயணி | செவ்வாய், இரவு 11.30

பதினான்கு ஆண்டுகளாக ஞாயிறு இரவு காட்பாடியில் ரயில் ஏறி, வெள்ளி இரவு அங்கேயே இறங்குகிறவன் நான். சத்துவாச்சாரி அக்கா நீளமாக எழுதியதில் முக்கியமான வரி ஒன்றுதான், அதை அவரே போகிற போக்கில் சொல்லிவிட்டார்: சிபாரிசு வந்ததை முதலில் திறக்கிறேன்.

அங்கேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரி என்று தொடங்கிய வி.ஐ.டி.யில் படித்தவனுக்கு நாட்டில் எந்தப் பெரிய நிறுவனத்திலும் ஒரு சீனியர் இருப்பார். பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களுக்குக்கூட ஓரளவு ஆள் பலம் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்து சின்னக் கல்லூரியில் படித்த குடியாத்தம் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுடைய ரெஸ்யூம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆயிரத்து ஐந்நூறில் ஒன்றுதான்.

அடுத்தது, வரிசையில் நிற்பது புதியவர்கள் மட்டும் இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் இரண்டு சதவீதத்தை, அதாவது பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். வேறொரு நிறுவனத்தில் எனக்கும் சித்திரையில் அதே கதி. முப்பத்தொன்பது வயதில், ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிற வேலைகளுக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்து ஆண்டுக்காரன் இரண்டு ஆண்டு வேலைக்குப் போடுகிறான். இரண்டு ஆண்டுக்காரன் தம்பியின் வேலைக்குப் போடுகிறான். ரெஸ்யூமில் சொல்லை மாற்றினால் சரியாகிவிடும் என்பது, பஸ்ஸில் இடமில்லாதபோது சட்டையை மாற்றிக்கொண்டு வா என்பதுபோல இருக்கிறது.

குறுக்குச்சந்து | புதன், காலை 7.05

எல்லோரும் ஒழுக்கம் பேசுகிறீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். பெங்களூருவில் ஒரு கன்சல்டன்சிக்கு அறுபதாயிரம் கொடுத்தேன். இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் கொடுத்தார்கள். புதியவனாக நாற்பது இடத்துக்குப் போட்டபோது எட்டிப் பார்க்காதவர்கள், அனுபவம் போட்டதும் ஒரே வாரத்தில் ஐந்து பேர் கூப்பிட்டார்கள். இப்போது வேலையில் இருக்கிறேன், வேலையும் நன்றாகச் செய்கிறேன். அவர்கள் 0 என்று தலைப்புப் போட்டு 2 கேட்கலாம், நான் 0-வை 2 ஆக்கக் கூடாதா?

சத்துவாச்சாரிக்காரி | புதன், காலை 9.15

கூடாது. நல்லது கெட்டது என்று பாடம் நடத்த வரவில்லை, கணக்கு உதைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். பின்னணிச் சரிபார்ப்பில் இப்போது முதலில் கேட்பது யு.ஏ.என். எண்ணைத்தான், வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண் அது. எந்த நிறுவனம் எந்தத் தேதியில் பி.எஃப். கட்டத் தொடங்கியது, எப்போது நிறுத்தியது என்று அதில் வரிசையாக இருக்கும். சம்பளச் சீட்டை அச்சடிக்கலாம், பி.எஃப். பாஸ்புக்கை அச்சடிக்க முடியாது.

குறுக்குச்சந்து | புதன், காலை 9.40

சின்ன நிறுவனம், பி.எஃப். பிடிக்கவில்லை என்று சொன்னால் போயிற்று. இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் கட்டாயம் இல்லையே.

சத்துவாச்சாரிக்காரி | புதன், காலை 9.58

சொல்லலாம். அடுத்து வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள், மாதாமாதம் சம்பளம் ஏறியிருக்கிறதா என்று. எங்கள் இடத்தில் ஒரு பெண் சேர்ந்து ஏழாவது மாதம் சிக்கினாள். கெட்டிக்காரப் பெண். அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அந்த ஏழு மாத உண்மையான அனுபவத்தையும் அவளால் எங்கும் காட்ட முடியாது. அந்த மின்னஞ்சலைத் தட்டச்சு செய்தது நான்தான்.

தோல்கணக்கர் (ஆம்பூர்) | புதன், பகல் 2.20

பெங்களூரு, சென்னை என்றே பேசுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் நாங்களும் இருக்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. மொத்தம் நான்கு பேர். ஓர் இடம் ஐந்து மாதமாகக் காலி. விளம்பரம் உண்மை, வேலையும் உண்மை, ஆள்தான் இல்லை!

எளிய வேலை என்று நினைக்க வேண்டாம். தோல் வரும்போது துண்டுக் கணக்கில் வரும், விற்கும்போது சதுர அடிக் கணக்கில் போகும். எந்த இரண்டு தோலும் ஒரே அளவு இல்லை. ஊறவைத்து, பதனிட்டு, சாயம் ஏற்றுவதற்குள் ஒரு லாட், அதாவது சேர்ந்து வந்த ஒரு தொகுதி, மூன்றாகப் பிரியும், தரம் பிரிக்கும்போது இன்னும் உடையும். கடைசியில் ஏற்றுமதி ரசீதில் இருக்கும் சதுர அடி, முதலில் வந்த எந்த லாட்டிலிருந்து வந்தது என்று வெளிநாட்டுக்காரர் கேட்பார். பதில் சொல்ல வேண்டியது என் நிரல். 2023 ஆகஸ்டிலிருந்து ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஜி.எஸ்.டி. மின்ரசீது கட்டாயமானபோது ஒரு மாதம் நாங்கள் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

வருகிற பையன்கள் எட்டாவது மாதம் பெங்களூருவுக்குப் போய்விடுகிறார்கள். கற்றுக்கொடுத்த நான் மறுபடி முதலிலிருந்து.

பாவுநூல் (குடியாத்தம்) | புதன், பகல் 3.05

பாய், சம்பளம் எவ்வளவு?

தோல்கணக்கர் (ஆம்பூர்) | புதன், பகல் 3.30

தொடக்கத்தில் பதினைந்து. ஆறு மாதம் கழித்துப் பதினெட்டு. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு இரண்டு மணி நேரம் கடை மூடல், ஞாயிறு விடுமுறை.

காட்பாடிப் பயணி | புதன், மாலை 4.10

ஆள் ஏன் நிற்கவில்லை என்று இப்போது புரிகிறது. பாய், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நிரல் எதில் எழுதியது?

தோல்கணக்கர் (ஆம்பூர்) | புதன், மாலை 4.25

பழைய பகுதி விஷுவல் பேசிக் என்ற அந்தக் காலத்து நிரல் மொழியில், 2003-இல் என் கையால் எழுதியது. புதிய பகுதி பைதான்.

காட்பாடிப் பயணி | புதன், மாலை 4.40

தம்பி, இதற்குப் போனால் இரண்டு ஆண்டு கழித்து உங்கள் ரெஸ்யூமில் விஷுவல் பேசிக் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அக்காவின் வடிகட்டியைத் தாண்ட முடியுமா என்று அவரையே கேளுங்கள். மேல்மொணவூரில் டைடல் நியோ என்ற ஐ.டி. பூங்காக் கட்டிடம் வந்திருக்கிறது. அங்கே வருகிற நிறுவனங்களைப் பார்த்துக் காத்திருங்கள்.

சத்துவாச்சாரிக்காரி | புதன், மாலை 5.00

கட்டிடம் ஆளெடுக்காது, உள்ளே வருகிறவர்கள்தான் எடுக்க வேண்டும். விஷுவல் பேசிக் என்ற சொல் என் வடிகட்டியில் நிற்காது, உண்மைதான். ஆனால் “லாட் பிரியும்போது சதுர அடியை எப்படிப் பின்தொடர்ந்தேன்” என்று நேர்காணலில் ஒருவன் பேசத் தொடங்கினால் எங்கள் மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார். சரி தம்பி, ரெஸ்யூமில் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள்.

பாவுநூல் (குடியாத்தம்) | புதன், இரவு 8.15

போட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், புராஜெக்ட் நூலக மேலாண்மைதான்.

சத்துவாச்சாரிக்காரி | புதன், இரவு 8.50

சிரிக்கவில்லை. சொந்தமாக வேறு எதுவுமே எழுதியதில்லையா?

பாவுநூல் (குடியாத்தம்) | புதன், இரவு 9.20

அப்பாவுக்கு ஒன்று எழுதிக் கொடுத்தேன். எங்களுக்கு ஆறு தறி. நூல் கிலோ கணக்கில் வரும், லுங்கி எண்ணிக்கையில் போகும். கழிவு நூல் எவ்வளவு, யார் எத்தனை நெய்தார்கள், கூலியில் முன்பணம் எவ்வளவு பிடித்தோம் என்று அப்பா சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுவார். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது சண்டை வரும். அதைக் கைபேசியில், தமிழிலேயே பதியும்படி செய்தேன். முன்பணம் இரண்டு முறை பிடித்துவிட்டதாக ஒருமுறை பெரிய தகராறு. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தது என்று காட்டும்படி மாற்றினேன். ரெஸ்யூமில் போடுகிற விஷயமா இது?

காட்பாடிப் பயணி | புதன், இரவு 9.32

பதினோரு மாதமாக இதை ஒளித்து வைத்துக்கொண்டு நூலகத்தை நிர்வாகம் செய்துகொண்டிருந்தீர்களா!

தோல்கணக்கர் (ஆம்பூர்) | புதன், இரவு 9.34

கிலோவில் வந்து எண்ணிக்கையில் போகிறது. என் கதைதான். தம்பி, இருபது தருகிறேன். வெள்ளி மாலை வந்து பாருங்கள், குடியாத்தத்தில் ரயில் ஏறினால் ஆம்பூர் எத்தனை தூரம்?

பாவுநூல் (குடியாத்தம்) | புதன், இரவு 10.00

தூரம் இல்லை பாய், எங்கள் ஊரிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போவதுதான் தூரம். வந்து பார்க்கிறேன், சேர்கிறேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அக்கா, தறிக் கணக்கை மேலே போட்டுவிடுகிறேன். ஆனால் என் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

பாவுநூல் (குடியாத்தம்) | பதினைந்து நாள் கழித்து, வியாழன், இரவு 9.10

கணக்குக் கொடுத்துவிடுகிறேன். தறிக் கணக்கை முதலில் வைத்து இருபத்தாறு இடத்துக்கு அனுப்பினேன். இருபத்தைந்தில் வழக்கமான அமைதி. ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள், சென்னை நிறுவனம், காணொளி நேர்காணல். நேர்காணல்களில் வழக்கமாகக் கேட்கும் நிரல் கணக்கு, லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பச் சொல்லிப் பத்து நிமிடம், மீதி அரைமணி நேரம் தறியைப் பற்றியே கேட்டார். இதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்றார். இரண்டு பேர், அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் என்றேன். சிரித்துவிட்டு, அடுத்த சுற்றுக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. பாயிடம் திங்கள்வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

அந்த வேலையின் விளம்பரத்தைச் சற்றுமுன் பார்த்தேன். “இன்று வெளியிடப்பட்டது” என்று போட்டிருக்கிறது.