அண்ணா நிர்வாகியாம், காணியை விற்கலாமா? அவசரம்

வாவிக்கரை: அண்ணா கோர்ட்டில் வழக்குப் போட்டு அப்பாவின் சொத்துக்கு நிர்வாகியாகிவிட்டார். எங்களுக்குக் கணக்கு ஒன்றும் காட்டுவதில்லை. இப்போது காணி பார்க்க ஆட்கள் வந்து போகிறார்கள். எப்படி நிறுத்துவது?

கல்லாற்றான்: எந்தக் கோர்ட்? மரணசாதனம், அதாவது அப்பா எழுதின உயில், இருக்கா? அம்மா இருக்கிறாவா? எத்தனை பிள்ளைகள்?

ஆரையூர்த் தம்பி: விற்கவே ஏலாது. கேவியட் (ஆட்சேப மனு) போடுங்க, முடிஞ்சுது.

பழைய நொத்தாரிசு: முதலில் கேள்வி கேட்கப் பழக வேண்டும் தம்பி. கேவியட், நீதிமன்றம் ஒருவரை நிர்வாகியாக்கும் நிர்வாகப் பத்திரத்தைக் கொடுக்க முன்னம் போடுவது. கொடுத்த பிறகு அதே வழக்கில் மனுப் போட்டு, பத்திரத்தைத் திரும்பப் பெறக் கேட்கலாம். சொத்துப் பட்டியலும் கடைசிக் கணக்கும் அண்ணா நீதிமன்றத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வழக்குக் கோவையை எடுத்துப் பாருங்கள். இதையெல்லாம் இங்கே எத்தனை தரம் எழுதுவது?

தேனாடன்: தேசவழமை என்ற யாழ்ப்பாண வழமைச் சட்டப்படி சீதனம் வாங்கின பெண்பிள்ளைக்குப் பங்கில்லையே.

கல்லாற்றான்: அது வடக்கு மாகாணத் தமிழருக்கு. நமக்கு, கிழக்கிலங்கைத் தமிழருக்கு, 1876ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டம். துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதி சமமாக. முஸ்லிம் ஆட்களுக்கு 1931ஆம் ஆண்டுச் சட்டம் வேறு.

தேனாடன்: அப்ப மட்டக்களப்புப் பக்கத்து முக்குவர் சமூகத்தின் பழைய சட்டம்? எங்கட அம்மம்மா காலத்தில் காணி தாய்வழியில்தான் போனது.

பழைய நொத்தாரிசு: வழக்கம் வேறு, சட்டம் வேறு. மகளுக்கு வீடு கொடுப்பது இன்றும் நடக்கிறது, உறுதிப் பத்திரம் எழுதினால்தான் செல்லும். அப்படிக் கொடுத்ததையும் பங்கு பிரிக்கும்போது கணக்கில் சேர்க்கச் சொல்கிறது அதே 1876 சட்டம். படித்துவிட்டு வாருங்கள்.

தேனாடன்: சேர்க்கிறதெண்டா என்ன, திருப்பிக் கொடுக்கிறதா?

சம்மாந்துறை உம்மா: அது கிடக்கட்டும் மகன், உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியா?

வாவிக்கரை: வயல் பேர்மிட், அம்பாறைப் பக்கம். வீடு உறுதி, அப்பா பேரில். அம்மாவும் போன வருஷம் காலமாகிவிட்டா.

சம்மாந்துறை உம்மா: இதை முதலே சொல்லியிருக்கலாம். பேர்மிட் வயல் அந்த வழக்குக்குள் வராது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் அதற்கு. அப்பா பின்னுரித்தாளராக, தனக்குப் பின் காணியைப் பெறுபவராக, யாரைப் பதிந்தார் என்று பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேளுங்கள். அங்கே எழுத்தில் அனுமதி தராமல் கைமாற்ற முடியாது. வீட்டில் அம்மாவுக்குப் பாதி வந்திருக்கும். அதுக்கு அப்பாவின் சொத்துக்கு எடுத்த நிர்வாகப் பத்திரம் போதாது, அம்மாவின் சொத்தைத் தனியாகப் பார்க்க வேணும்.

ஆரையூர்த் தம்பி: நான் சொன்னதுதானே, விற்க ஏலாது.

வாவிக்கரை: காணிக் கிளைக்குப் போனேன். சின்னக்காவின் பேர்தான் பதிந்திருக்கு. நன்றி உம்மா.

கல்லாற்றான்: வீட்டுக்கு என்ன செய்தீர்கள்?

தேனாடன்: சீதனக் கதைக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லையே?