போன்ல டபுள் ஸ்பீடா ஓடுற த்ரீவீல்: கேன்வாஸ் கேம்ல சில சிக்கல்கள்

கொழும்பு ஆறு:
ஓ.எல். எழுதிட்டு வீட்ல இருந்தே ஜாவாஸ்கிரிப்ட் பழகுறேன். ஃபங்ஷன், அரே வரைக்கும் விளங்கும். முதல் கேம், கேன்வாஸ்ல (பிரவுசர் பக்கத்துக்குள்ள படம் வரையுற இடம்): கொழும்பு காலி வீதியில (கோல் ரோட்) ஒரு த்ரீவீல், மேலருந்து 100, 101 பஸ்கள் இறங்கி வரும், இடது வலது போய்த் தப்பணும். லேப்டொப்ல நல்லா ஓடுது. கிட்ஹப் பேஜஸ்ல (நம்ம ஃபைல்களை வெப்தளமாக் காட்டுற சேவை) போட்டு போன்ல திறந்தா எல்லாமே டபுள் ஸ்பீட். த்ரீவீல் படம் வரவே இல்ல, பஸ் மட்டும் வருது. ஹோர்ன் சத்தமும் இல்ல.

லேப்டொப்லயும் ஒரு குறை இருக்கு. ஏரோ கீயை அமத்திப் பிடிச்சா ஒருக்கா நகர்ந்து, கொஞ்சம் நின்னு, பிறகுதான் தொடர்ந்து ஓடுது.

ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் (திரை புதுப்பிக்க முதல் நம்ம ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லி பிரவுசரைக் கேக்கிறது) லூப்புக்குள்ள ஒவ்வொரு தரமும் 5 பிக்சல் கூட்டுறேன். 60 ஃப்ரேமுக்கு ஒரு புது பஸ். இதை விட்டுட்டு ஃபேசர்ங்கிற ரெடிமேட் கேம் லைப்ரரியைப் படிக்கிறது நல்லமா?

ஃப்ரேம்காரன்:
முதல்ல வேகம். உங்க லேப்டொப் திரை செக்கனுக்கு 60 தரம் புதுப்பிக்குது, போன் திரை அநேகமா 120 ஹேர்ட்ஸ். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் திரையோட தாளத்துக்குத்தான் ஓடும். 5 பிக்சல் × 60 = 300, 5 × 120 = 600. அவ்வளவுதான் மர்மம்.

ஃப்ரேமை எண்ணாதீங்க, நேரத்தை எண்ணுங்க. லூப் ஃபங்ஷனுக்கு பிரவுசரே ஒரு நேரத்தை மில்லி செக்கன்ல அனுப்புது. அதுல இருந்து போன ஃப்ரேமோட நேரத்தைக் கழிச்சு 1000ஆல பிரிச்சா இடைவெளி செக்கன்ல வரும். ஜாவாஸ்கிரிப்ட்ல வேரியபிள் பெயரைத் தமிழ்லயே வைக்கலாம், அதனால இப்படியே எழுதினாலும் ஓடும்:

இடைவெளி = (இப்போது - முன்பு) / 1000
முன்பு = இப்போது
பஸ்.மேல் += 300 * இடைவெளி

60 ஹேர்ட்ஸ்ல இடைவெளி சுமார் 0.0167, 120ல 0.0083. இரண்டுலயும் ஒரு செக்கனுக்கு 300 பிக்சல்தான் நகரும். புது பஸ்ஸையும் மறக்காதீங்க. 60 ஃப்ரேமுக்கு ஒண்ணுன்னு விட்டா போன்ல பஸ் அரை செக்கனுக்கு ஒண்ணு வந்துகிட்டே இருக்கும். ஒரு மீதி நேரம் வச்சு, இடைவெளியைக் கழிச்சுக்கிட்டே வந்து, பூச்சியத்துக்குக் கீழ போனதும் பஸ்ஸை விட்டு, அதோட 1 கூட்டுங்க.

இடைவெளிக்கு ஒரு உச்சவரம்பும் வேணும். வேற டேப்புக்குப் போனா லூப் நின்னுடும். 10 செக்கன் கழிச்சு வந்தா ஒரே ஃப்ரேம்ல பஸ் 3000 பிக்சல் பாயும், த்ரீவீலுக்குள்ளால போனதே தெரியாது. 0.05க்கு மேல போனா 0.05ன்னு வைங்க. அப்ப ஒரு ஃப்ரேம்ல கூடினது 15 பிக்சல்தான்.

படம்: ஃபைல் பெயர்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாருங்க, ஃபைல் பெயருக்குப் பின்னால வாற பி.என்.ஜி.யையும் சேர்த்து. விண்டோஸ் இரண்டையும் ஒண்ணாத்தான் எடுக்கும், கிட்ஹப் பேஜஸ் எடுக்காது, 404 (ஃபைல் இல்ல) தரும். இறங்காத படத்தை வரையப் போனா எரர் வந்து ஃபங்ஷன் அந்த வரியிலயே நின்னுடும், அதனால கொன்சோல்ல (பிரவுசர் எரர் காட்டுற இடம்) ஃப்ரேமுக்கு ஒரு சிவப்பு வரி விழுந்துகிட்டு இருக்கணும். கேம் உறையாம ஓடுதுன்னா அடுத்த ஃப்ரேமை ஃபங்ஷனோட முதல் வரியிலயே கேட்டிருக்கீங்க, பஸ்ஸை முதல்லயும் த்ரீவீலைக் கடைசியிலயும் வரையுறீங்க.

கீ: இப்ப கீடவுன் ஈவென்ட்லயே நகர்த்துறீங்க. அமத்திப் பிடிச்சா ஒரு தரம், சின்ன இடைவெளி, பிறகு தொடர்ச்சின்னு அனுப்புறது ஒப்பரேட்டிங் சிஸ்டத்தோட பழக்கம், டைப் பண்ணும்போது ஒரு எழுத்து பத்தாகாம இருக்க வச்சது. கீடவுன்ல 'இடது அமுங்கியிருக்கு'ன்னு ட்ரூ போடுங்க, கீஅப்ல ஃபோல்ஸ். நகர்த்துற வேலையை லூப் பார்க்கட்டும். ஜன்னலை விட்டு வெளிய போகும்போது, அதாவது ப்ளர் ஈவென்ட்ல, எல்லாத்தையும் ஃபோல்ஸ் ஆக்குங்க. இல்லாட்டி ஆல்ட் டேப் அடிச்சுட்டு வந்தா த்ரீவீல் தானா ஓரத்துல போய் ஒட்டிக்கும்.

மாலை ஷிஃப்ட்:
ஃபேசருக்கு மாறினா இதெல்லாம் அதுவே பார்த்துக்கும். எதுக்கு சக்கரத்தைத் திரும்ப வெட்டணும்?

பருத்தித்துறை டு பம்பலப்பிட்டி:
எல்லாத்தையும் பாக்காது. ஃபேசரில வெலோசிட்டி 300 எண்டு குடுத்தால் சரி, அது செக்கன் கணக்கு. ஆனால் அப்டேட்டுக்குள்ள கையால 5 பிக்சல் கூட்டினால் அங்கயும் 120 ஹேர்ட்ஸில இரண்டு மடங்குதான். பிழை ஃபேசருக்குள்ள போய் ஒளிச்சிடும், தேட இன்னும் கஷ்டம். இந்தக் கேமை வெறும் கேன்வாஸிலயே முடியுங்கோ: தொடக்கத் திரை, ஸ்கோர், தோத்தால் திரும்ப விளையாடுற பட்டன் எல்லாத்தோடயும். அந்தக் கடைசி மூண்டிலதான் அரைவாசி வேலை கிடக்கு. இரண்டாவது கேமுக்கு எம்.டி.என். எண்ட வெப் பாடத் தளத்தில இருக்கிற பிரேக்அவுட் பாடத்தைச் செய்யுங்கோ, அதுவும் வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான். பிறகு ஃபேசர்.

சத்தம்: ஆள் திரையைத் தொடாமல் சத்தம் வர பிரவுசர் விடாது. 'தொடங்கு' பட்டன் ஒண்டு வைச்சு, அதை அமத்துற ஃபங்ஷனுக்குள்ள ஓடியோ கொன்டெக்ஸ்டை (பிரவுசரில சத்தத்தை ஓட்டுற பகுதி) ரெஸ்யூம் பண்ணுங்கோ. போனில விரலை இழுக்கேக்க பக்கமே சேர்ந்து இழுபட்டால், கேன்வாஸுக்கு சி.எஸ்.எஸ்.ஸில டச் ஆக்‌ஷனை நன் எண்டு போடுங்கோ.

ஒவ்வொரு தரமும் கிட்ஹப்புக்கு ஏத்தித்தான் போனில பாக்கோணும் எண்டில்லை. டேட்டாவும் வீண், பழைய ஃபைல் 10 நிமிஷம் வரைக்கும் போனிலயே நிண்டு விசர் பிடிக்கப் பண்ணும். பைத்தனோட வாற எச்.டி.டி.பி. சேர்வரை 8000 போர்ட்டில ஓட விடுங்கோ, ஃபயர்வோல் கேட்டால் பிரைவெட் நெட்வேர்க்குக்கு மட்டும் அனுமதி குடுங்கோ. இரண்டும் ஒரே வைஃபையில இருந்தால், லேப்டொப்பின்ர ஐ.பி. இலக்கத்தையும் 8000ஐயும் போனில அடிச்சால் கேம் திறக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிழை மட்டும் இதில பிடிபடாது, ஏனெண்டால் ஃபைலை எடுக்கிறது விண்டோஸ்.

கொழும்பு ஆறு:
படப் பெயர்தான்! முதல் எழுத்து பெருசா இருந்துச்சு. பெயரை மாத்தி கிட்ல (ஃபைல் மாற்றங்களைப் பதிஞ்சு கிட்ஹப்புக்கு அனுப்புற மென்பொருள்) ஏத்தினேன், 'மாற்றம் ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லுது. அதோட இடைவெளி முறை போட்ட பிறகு லேப்டொப்ல பஸ்ஸும் இல்ல, த்ரீவீலும் இல்ல. வீதி மட்டும் இருக்கு. கொன்சோல்ல ஒரு எரரும் இல்ல.

ஃப்ரேம்காரன்:
விண்டோஸ்ல கிட் பெரிய எழுத்து சின்ன எழுத்தா மாறினதைக் கணக்கெடுக்காது. முதல்ல வேற ஏதாவது பெயர் வச்சு கொமிட் பண்ணுங்க (கிட்ல மாற்றத்தைப் பதியுறது), பிறகு சரியான பெயருக்கு மாத்தி இன்னொரு கொமிட்.

காணாமப் போனதுக்குக் காரணம் முதல் ஃப்ரேம். 'முன்பு'க்கு அப்ப மதிப்பு இல்ல. ஒரு எண்ல இருந்து அன்டிஃபைன்டைக் கழிச்சா வாறது நேன், அதாவது 'எண் இல்லை'. அது பஸ்ஸோட இடத்துல ஒருக்கா கலந்துட்டா பிறகு எதைக் கூட்டினாலும் நேன்தான். டிரா இமேஜுக்கு நேன் போனா கேன்வாஸ் சண்டை போடாது, சத்தமில்லாம வரையாம விட்டுடும். அதுதான் எரர் இல்ல. முதல் கூப்பிடல்ல 'முன்பு = இப்போது' மட்டும் போட்டு, நகர்த்தாம அடுத்த ஃப்ரேமைக் கேட்டுட்டு வெளிய வாங்க. இனி எது மறைஞ்சாலும் முதல்ல அதோட இடத்தை கொன்சோல்ல அச்சடிச்சுப் பாருங்க.

கொழும்பு ஆறு:
வந்துட்டு! கடைசியா ஒண்ணு. தொடக்கத் திரையில 'கொழும்பு'ன்னு ஒவ்வொரு எழுத்தா வர வச்சேன். க, கொ, கொழ, கொழுன்னு துள்ளித் துள்ளி வருது.

பருத்தித்துறை டு பம்பலப்பிட்டி:
நாலு எழுத்து எண்டு நாங்கள் எண்ணுறதை ஜாவாஸ்கிரிப்ட் எட்டு எண்டு எண்ணும். க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. லெங்த் அடிச்சுப் பாத்தால் 8 வரும். ஜாவாஸ்கிரிப்ட்டோட வாற இன்ட்ல் செக்மென்டரை எடுத்து, கிரானுலாரிட்டியைக் கிராஃபீம் (நாங்கள் ஒரு எழுத்து எண்டு பாக்கிறது) எண்டு வைச்சுப் பிரியுங்கோ: கொ, ழு, ம், பு. ஃபயர்ஃபொக்ஸில 125ஆம் பதிப்பில இருந்துதான் இருக்கு. 'க்ஷ' மாதிரிக் கூட்டெழுத்து இதிலயும் க், ஷ எண்டு இரண்டாகும், அதைக் கையால ஒட்டவேணும்.

வெப் ஃபொன்ட் பாவிக்கிறீங்கள் எண்டால், அது இறங்க முதல் கேன்வாஸில எழுதினால் வேற ஃபொன்ட்டில விழும். டொகியூமென்ட் ஃபொன்ட்ஸ் லோட் முடிஞ்ச பிறகு தொடக்கத் திரையை வரையுங்கோ.