குளோபிடோக்ரெல் மரபணுப் பரிசோதனை: உதவி வேண்டும்

மருந்தாளுநர் நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் கடைக்கு மாதாமாதம் வரும் பெரியவர், இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் 75 மி.கி. ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டவர். அப்படியும் மறுபடி அடைப்பு. காலி அட்டையை மேசைமேல் வைத்து, "நான் சரியாத்தானே தம்பி போட்டேன்?" என்று கேட்டார். மனசே ஆறவில்லை.

இந்த மாத்திரை கல்லீரலில் சிஒய்பி2சி19 நொதியால் மாறினால்தான் வேலை செய்யும். அந்த நொதியை உருவாக்கும் மரபணுவில் குறை இருந்தால் பலன் குறையும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே எச்சரித்தது. தெற்காசியர்களிடம் இந்தக் குறை பரவலாக உண்டு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் மாத்திரையும் இதே நொதியைத் தடுக்கும்; அவர் அதை எடுப்பதில்லை, பார்த்துவிட்டேன்.

மதுரைப் பக்கம் இந்தப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள், செலவு எவ்வளவு? அப்புறம், முடிவைப் படித்து மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல நம்மைப் போன்றவர்களுக்குப் பயிற்சி ஏதும் உண்டா? அடுத்த வாரம் அவர் இதய மருத்துவரைப் பார்க்கிறார். அதற்குள் சொன்னால் பெரிய உதவி.