"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்ற பிறகு நடப்பது: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஐசியூ சிஸ்டர், மதுரைப் பக்கம்:
எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இது வாடிக்கை. வென்டிலேட்டரில் பெரியவர் ஒருவர். கிட்னி நின்றுவிட்டது, எத்தனை மருந்து ஏற்றினாலும் பிரஷர் ஏறவில்லை. டாக்டர் கூட இருக்கும் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, "இனி இங்க வச்சுப் பார்க்க ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போறதுன்னா போங்க" என்பார். சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவதாகக் கையெழுத்து. ஆம்புலன்ஸில் ஆம்பு பேக்கை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்திக்கொண்டே ஊர்வரை பயணம். வீட்டில் படுக்க வைத்ததும் டியூபை எடுப்பார்கள். சொந்த வீட்டில் உயிர் போகட்டும் என்று நினைப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கையெழுத்து விழுந்த நிமிடமே மருந்தும் நின்றுபோகிறதே, அதுதான் உறுத்துகிறது. மூச்சு இழுத்தால் என்ன கொடுப்பது, தொண்டையில் சளி கரகரத்தால் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எதையும் சொல்லி அனுப்புவதில்லை.

இப்போது எங்களிடம் பாலியேட்டிவ் டாக்டர் (குணமாகாத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கப் பார்ப்பவர்) ஒருவர் ரவுண்ட்ஸ் வருகிறார். நுரையீரல் சுருங்கி ஆக்சிஜனிலேயே கிடந்த ஒரு ஐயாவின் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினார் (வழக்கமாக காரிடாரில் நின்றபடியே முடிந்துவிடும்). "உங்களுக்கு இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு, "ஐயா நல்லா இருந்தப்ப இதைப் பத்தி ஏதாவது பேசியிருக்காரா?" மூத்த மகன், "குழாய் மட்டும் வேணாம்னு போன தடவையே சொன்னார். தம்பி துபாயில இருந்து வரட்டும்னு நாங்கதான்..." என்று இழுத்தார். குழாய் போடவில்லை. சிறு அளவில் மார்ஃபின் என்ற வலி மருந்தை ஆரம்பித்தார்கள். மூச்சை நிறுத்திவிடும் என்று எங்கள் ஜூனியர்களுக்கே பயம். பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டினால் அடங்குவது மூச்சுக்குத் தவிக்கும் அந்தத் தவிப்புதான். ஐயா வீடியோ காலில் சின்ன மகனிடம் பேசினார். என்ன பேசினார் என்கிறீர்கள்? வரப்புத் தகராறு!

ஹவுஸ் சர்ஜன்:
சிஸ்டர், அந்த முதல் கேள்வியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 2019 எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மருத்துவ அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் ஏட்காம் என்ற பெயரில் வந்தது உண்மை. எங்கள் பேட்ச் அதை ரோல் பிளே செய்து, லாக் புக்கில் கையெழுத்து வாங்கி முடித்தது. நண்பனே நோயாளியாகப் படுத்திருந்தால் சிரிப்புதான் வரும். டியூப் போடுவதைப் பொம்மையில் கை பழகும்வரை செய்யவைத்தார்கள். டியூப் வேண்டாம் என்று முடிவாகும் பேச்சை ஒருமுறைகூட அருகில் நின்று கேட்டதில்லை. பாலியேட்டிவ் மெடிசினில் எம்.டி. படிப்பே 2012இல்தான் மும்பை டாட்டா மெமோரியலில் தொடங்கியது, சொல்லித்தர ஆள் எங்கே? தியரியில் இன்னொரு கேள்வி சேர்த்தால் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுவோம். வார்டு போஸ்டிங்காகப் போடட்டும்.

நெல்லை மகள்:
அம்மாவுக்கு இரண்டாவது பக்கவாதம். நினைவு திரும்பாது என்று சொன்னார்கள். மெஷினை எடுத்துவிடலாமா என்று நாங்களே கேட்டோம். "கேஸ் ஆயிடும்மா" என்ற டாக்டரே அடுத்த நாள் லாமா பேப்பரை (டாக்டர் பேச்சை மீறி நாங்களே கூட்டிப் போகிறோம் என்று எழுதித் தருவது) நீட்டினார். பொறுப்பு எங்கள் தலையில் என்றால் சட்டம் குறுக்கே வராதாக்கும்!

மயக்க மருத்துவர்:
நெல்லை அக்கா, ஆஸ்பத்திரியிலேயே முறைப்படி செய்ய வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அனுமதித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. ஆஸ்பத்திரிக்குள் ஒரு மருத்துவக் குழு, அதைச் சரிபார்க்க இன்னொரு குழு. ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது நல்லது என்றது. குடும்பத்தின் சம்மதம் வேண்டும். மெஷினை எடுக்கும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட நிலையில் என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்பே உயில் (லிவிங் வில்) எழுதி வைக்காதவர்களுக்கும் இந்த வழி உண்டு. முன்கூட்டியே எழுதி வைக்க நினைப்பவர்கள் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். பல ஆஸ்பத்திரிகளில் குழுவே அமைக்கவில்லை என்பதுதான் சிக்கல். லாமா பேப்பர் சுலபம், அவ்வளவுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸ்:
2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் வந்ததிலிருந்து வீடு வீடாகப் போகிறேன். ஐசியூவிலிருந்து இப்படி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி எங்களுக்குத் தகவலே வருவதில்லை. ஊரில் தன்னார்வலர் பெண் சொல்லித்தான் தெரியும். போய்ச் சேரும்போது முதுகில் படுக்கைப் புண். புற்றுநோய்ப் புண் வாடை அடித்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவலாம். அது தெரியாமல் ஊதுபத்தி ஏற்றிவைத்து, பிள்ளைகளை உள்ளே விடாமல் இருப்பார்கள். மார்ஃபின் மாத்திரை எழுதி அனுப்புகிறவர்களும் மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்து எழுத மறந்துவிடுகிறார்கள். அந்த அவதி வலியைவிடப் பெரிசு.

ஐசியூ சிஸ்டர்:
எங்கள் பக்கத்து நர்ஸைப் பிடிக்க எங்கே கேட்க வேண்டும்?

மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸ்:
வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க சிஸ்டர். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்குக் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லுங்க. சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பிவிட்டுத் திங்கள் சொன்னால் பிரயோஜனமில்லை.