ஒன்ராறியோவில் லீன் கெடு: உங்கள் அனுபவம் என்ன?

கணக்குப்பிள்ளை:
மார்க்கம் நகரில் ஒரு வீட்டு விரிவாக்கம். மரச்சட்ட வேலை எங்களுடையது, கணக்கு என்னுடையது. மிச்சப் பணம் வரவில்லை. வேலை முடிந்து 60 நாள் கெடு நெருங்கியதும் லீனை, அதாவது பணம் வராத வேலைக்காக வீட்டின் மேல் வைக்கும் உரிமைக் கோரிக்கையை, காணிப் பதிவில் பதியச் சொன்னேன். "நல்ல குடும்பம், வங்கிக் கடன் வந்ததும் தந்துவிடுவார்கள்" என்றார் முதலாளி. கெடுவை ஒரு மாதம் நீட்ட இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் வேறு வைத்திருந்தார். கடனும் வரவில்லை, பணமும் வரவில்லை. சட்டத்தரணி அந்தத் தாளைப் படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். வெறுமை. "இந்தக் கெடுவை நீதிபதியாலேயே நீட்ட முடியாது, நீங்கள் இருவரும் நீட்டியிருக்கிறீர்கள்" என்றார். முதலாளி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒப்பந்த வழக்கு நடக்கிறது. வீட்டின் மேல் பிடி போய்விட்டது.

பிராம்டன்வாசி:
வேலைக்காரர் பக்கக் கதை மட்டும் போதாது. நாங்கள் பெரிய ஒப்பந்தகாரருக்கு முழுப் பணமும் கொடுத்தாயிற்று. அவர் ஓடு பதித்தவருக்குக் கொடுக்கவில்லை. அடமானம் மாற்றும் வாரத்தில் எங்கள் வீட்டின் மேல் லீன்! 40,000 டொலர் லீனை நீக்க நீதிமன்றத்தில் 50,000 கட்டினோம். வழக்குச் செலவுக்கென்று 25 விழுக்காடு கூடுதல். ஓடு பதித்தவர் எங்கள் வீட்டில் தினமும் தேநீர் குடித்தவர்.

ஸ்காபுறோ கூரைக்காரன்:
தம்பி பிராம்டன், தேநீர் கொடுத்தால் கடன் தீருமா? ஓடு பதித்தவர் போன்றவர்களுக்காக, ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கும் பணத்தில் 10 விழுக்காட்டைப் பிடித்துவைப்பது சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. அவர் உங்களிடம் கேட்டது நியாயம்.

எங்கள் கதை சின்னது: லீன் பதிந்தோம், வழக்கும் போட்டோம், சட்டத்தரணி கோப்பைத் தூங்கவிட்டார், இரண்டு ஆண்டில் லீன் செத்தது.

இனி எல்லோரும் கேளுங்கள். 2018 ஜூலைக்கு முன் பதிய 45 நாள், வழக்குக்கு இன்னொரு 45. இப்போது 60, அது முடிந்த நாளிலிருந்து 90. அதற்குள் வழக்குப் போட்டால் மட்டும் போதாது, வழக்குச் சான்றிதழையும் காணிப் பதிவில் ஏற்ற வேண்டும். பிறகு இரண்டு ஆண்டுக்குள் விசாரணைக்குப் பட்டியலிடவோ, விசாரணைக்கு உத்தரவு வாங்கவோ வேண்டும். கடைசியாக ஒரு கைப்பிடியை மாற்றிவிட்டு நாளைப் புதிதாக எண்ணலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மிச்ச வேலையின் பெறுமதி ஒப்பந்தத் தொகையில் 1 விழுக்காடு, 5,000 டொலர், இரண்டில் குறைந்ததைத் தாண்டாவிட்டால் வேலை முடிந்ததாகவே சட்டம் கொள்ளும். 80,000 டொலர் வேலையென்றால் அது 800தான். பணம் தருகிறோம் என்று சிரிப்பவரிடமும் முதலில் பதியுங்கள், பிறகு சிரியுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அண்ணா, நான் ஆலோசனை கேட்கவில்லை. அந்தக் கைப்பிடி யோசனை எங்கள் முதலாளிக்கும் வந்தது. வீட்டுக்காரர் கதவையே திறக்கவில்லை.