தரம் 8 விஞ்ஞானம்: ஆறு பேர் குழுவில் ரெண்டு பேர்தான் வேலை செய்றாங்க

படுவான்கரை:
42 பிள்ளைகள், ஏழு குழு. ஐந்து ஈ முறைப்படிதான் (ஈடுபடுத்தல், தேடியறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் எண்ட ஐந்து படி) போறன். செயலட்டை கொடுத்தா ரெண்டு பேர் செய்வாங்க, நாலு பேர் வேடிக்கை. 40 நிமிஷம் முடியும்போது நானே கரும்பலகையில விடையை எழுதிப் போட வேண்டிக் கிடக்கு. பக்கத்து வகுப்புக்கு இடையில தட்டி மட்டும்தான், சத்தம் வேற. என்ன செய்யலாம்?

வாவிக்கரை:
செயலட்டைக்கு முதல் கேள்வியை வைங்க சேர். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் மஸூர் பௌதிகவியலுக்கு 1991 இல் தொடங்கின முறை இது, அடர்த்திப் பாடத்துக்கு நல்லாப் பொருந்தும்.

கிணத்துத் தண்ணியில முட்டை தாழுறதைக் காட்டுங்க. "கல்லடிக் கடல் தண்ணியில போட்டா?" மிதக்கும், தாழும், இடையில நிக்கும் எண்டு மூண்டு விடை. பேச்சில்லாம ஒரு நிமிஷம், ஒவ்வொருத்தரும் கொப்பியில எழுதணும். பிறகு எத்தனையாம் விடை எண்டு விரலை நெஞ்சோட ஒட்டிக் காட்டட்டும். கையை உயர்த்தச் சொன்னா கெட்டிக்காரப் பிள்ளையின்ர கையைப் பார்த்துத்தான் மத்தக் கைகள் எழும்பும்.

சரியான விடை 13 முதல் 29 பேருக்குள்ள எண்டா (30–70 வீதம்), வேற விடை சொன்ன பக்கத்துப் பிள்ளையோட மூண்டு நிமிஷம் வாதாடட்டும். மறுகா வாக்கு. 29க்கு மேல எண்டா கடந்து போங்க. 13க்குக் குறைய எண்டா வாதம் வேலைக்காகாது, ஒரு துப்புக் கொடுங்க: ஒரு லீற்றர் கடல் தண்ணியில ஏறக்குறைய 35 கிராம்தான் உப்பு. பெரும்பாலும் இதுதான் நடக்கும், ஏனெண்டா புது முட்டை கடல் தண்ணியிலயும் தாழும்.

உப்புக்கரண்டி:
பிறகு செயலட்டையில உப்புக் கரைச்சு முட்டையை மிதக்க வைக்கேக்க முட்டையைக் கவனிங்க. பழசு எண்டா உள்ளே காத்து கூடி, உப்புப் போட முதலே எழும்பும். கிணத்துத் தண்ணியில படுத்துக் கிடந்தா நல்லது, நிமிர்ந்து நிண்டா மாத்துங்க.

முட்டை மிதக்க அரை லீற்றருக்கு 60–75 கிராம் உப்பு வேணும், தட்டையாய்ப் பத்துப் பன்னிரண்டு தேக்கரண்டி. கல்லுப்பு கரைய நேரமெடுக்கும், தூளுப்பு எடுங்க. கரையாம அடியில கிடந்தா அடித்தண்ணி மட்டும் அடர்த்தி கூடி, முட்டை நடுவில தொங்கும். பிழைதான், ஆனா அடுத்த பாடத்துக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

படுவான்கரை:
வாயே திறக்காத பிள்ளைகள்?

வாவிக்கரை:
ஆறை மூண்டு மூண்டாய்ப் பிரிங்க. ஒரு மூண்டு கரைக்கும். மத்த மூண்டும் தொடாம, எத்தனையாவது கரண்டியில எழும்பும் எண்டு முன்கூட்டி எழுதும். அஞ்சாம் கரண்டியோட இடம் மாத்துங்க. கரண்டி பிடிக்கிறவர் தீர்மானிக்கக் கூடாது, மற்றவங்க சொன்னாத்தான் போடணும். கடைசியில யார் சொல்றது எண்டதைச் சீட்டுக் குலுக்கி எடுங்க. சத்தமும் குறையும்: ஆறு பேர் ஒரு மேசையைச் சுத்தி நிண்டா கத்தித்தான் பேசுவாங்க.

உப்புக்கரண்டி:
உடையிற முட்டைக்குப் பழைய பேப்பரும் ஒரு வாளித் தண்ணியும் வைங்க. மிஞ்சின உப்புத்தண்ணியைப் பூக்கண்டுக்கு ஊத்த விடாதீங்க.