புதுப்பிப்பு: உடைப்பை அடைக்கும் வேலை

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாற்றின் கிளையாறு ஒன்றில் எங்கள் ஊருக்கு மேற்கே கரை உடைந்ததாக நேற்றிரவு எழுதியிருந்தேன். இன்னும் அடைபடவில்லை.

முதலில் வெறும் மணல் மூட்டைகளைப் போட்டார்கள். போட்ட வேகத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டன. அப்புறம்தான் சவுக்குக் கம்புகளை இரண்டு வரிசையாக அடித்து, குறுக்கே மூங்கில் கட்டி, நடுவில் மூட்டைகளை இறக்குகிறார்கள். இடுக்குகளில் வைக்கோல், தென்னங்கீற்று. உடைந்த முனைகள் மேலும் கரையாமல் நிற்பதே பெரிய காரியம்.

கல்லணையில் தண்ணீரைக் கொள்ளிடத்துக்குத் திருப்பினால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். திருப்பிவிட்டார்கள், ஒரு முழம் இறங்கியிருக்கிறது. ஆனால் கல்லணைக்குக் கீழே பெய்யும் மழை நேராக இந்த ஆறுகளில்தானே வடிகிறது? அதை யார் திருப்புவது?

மணல் இருக்கிறது, சாக்குதான் இல்லை. பழைய யூரியா சாக்கு இருந்தால் பிள்ளையார் கோயில் வாசலில் போடுங்கள். கிழிசல் வேண்டாம்.